புதுப்பிப்பு: மாதிரி ரயில் நிலையத்தின் ஓட்டுக் கூரை

நீலகிரி மலை ரயிலை மனதில் வைத்து 1:87 அளவில் (அசலில் 87-இல் ஒரு பங்கு) செய்யும் நிலையத்தின் பிளாஸ்டிக் ஓட்டுக் கூரை பளபளக்கிறது, எப்படிப் பழசாக்குவது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தண்ணீரில் கரைத்த அக்ரிலிக் பெயிண்ட் முத்து முத்தாகத் திரண்டதே தவிர ஒட்டவில்லை. கைகொடுத்தது, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சில சொட்டு இந்தியன் இங்க் (வரைய உதவும் கறுப்பு மை) கலக்கச் சொன்ன யோசனைதான். ஓட்டு இடுக்குகளில் தானாக ஓடி இறங்கியது. பல மழை பார்த்த கூரை போலவே இருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று: ஒரு பக்கம் முன்பே மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) அடித்திருந்தேன். இங்க் கலவை பட்டதும் அங்கே மட்டும் வெள்ளையாகப் பூத்துவிட்டது. பயந்தே போனேன். மறுபடி மெல்லிசாக வார்னிஷ் அடித்ததும் மறைந்தது. ஆகவே முதலில் இங்க், நன்றாகக் காய்ந்த பிறகு வார்னிஷ். கூரை விளிம்பில் பச்சைச் சாக்பீஸ் தூள் தேய்த்தேன், அசல் பாசியேதான்.