வெள்ளிக் கொலுசு கறுத்துவிட்டது: தேய்க்கலாமா?

கல்லடி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், வாவிக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மகளின் கொலுசு ஒரு சோடியும், அவள் குழந்தையாக இருந்தபோது மாமி போட்ட அரைஞாண்கொடியும் பல மாதங்களாக அலுமாரியில் கிடந்தன. ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயிலுக்குப் போகும்போது போடலாம் என்று எடுத்துப் பார்த்தால், கொலுசு அடுப்புக்கரி பூசியதுபோல் கறுத்து, மணிகளின் இடுக்குகளில் நீலமும் மண்ணிறமும் கலந்த ஒரு படலம் படிந்திருந்தது. அவசரத்தில் ஒரு காலுக்குரியதைப் பற்பசையும் தேசிக்காய்ச் சாறும் போட்டுப் பழைய பற்தூரிகையால் தேய்த்தேன். கறுப்பில் பாதி போனது. ஆனால் பூட்டுக்குப் பக்கத்தில் உள்ள தட்டையான பட்டையில் பூனை பிறாண்டியதுபோல் கீறல்கள் விழுந்துவிட்டன. மற்றதை இன்னும் தொடவில்லை.

பிள்ளையின் உடம்புச் சூட்டினால்தான் வெள்ளி கறுக்கிறது என்கிறார் மாமி. அப்படியானால் யாரும் போடாமல் பெட்டிக்குள் கிடந்த கொடி ஏன் கறுத்தது என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. உண்மையான காரணம் என்ன, கீறல் விழாமல் வீட்டிலேயே சுத்தம் செய்ய வழி உண்டா என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்முனைப் பட்டறை:

வணக்கம் தங்கச்சி. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நகை வேலைதான். பற்பசையை முதலில் தூக்கி வையுங்கள். பல்லுக்கு மென்மையாகத் தோன்றும் அந்தப் பொடி, வெள்ளிக்கு அரத்தைப்போல. வெள்ளி அவ்வளவு மெதுவான உலோகம். தேசிக்காயும் புளியும் செம்புக்கும் பித்தளைக்கும் உரியவை. பட்டறையில் நாங்களும் புளித் தண்ணீரில் நகையை அவிப்பதுண்டு, ஆனால் அது நெருப்பில் காட்டிப் பற்றவைத்த பிறகு, வெள்ளியோடு கலந்த செம்பினால் மேலே வரும் கறுப்பை எடுப்பதற்கு. அலுமாரியில் இருந்து வரும் கறுப்பு வேறு. அது புளிக்கு அசையாது.

அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் மட்டும் என்றால், பூந்திக்கொட்டையை வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து, அந்த நுரையில் கொலுசைப் போட்டு, பிள்ளைகளின் மெதுவான தூரிகையால் மணி மணியாகத் தடவிவிட்டாலே போதும். அது இல்லாவிட்டால் மெதுவான சவர்க்காரத் தண்ணீர். ஆனால் எதைச் செய்வதற்கு முன்னும் காப்பு, தண்டை போன்றவற்றைக் கையில் தூக்கிப் பாருங்கள். பருமனுக்கேற்ற வெள்ளி இல்லாமல் உள்ளே அரக்கு அடைத்திருந்தால், கொதிநீர் பட்டதும் அரக்கு இளகிவிடும். முத்து, பவளம் பதித்தவற்றையும் ஊறப்போட வேண்டாம்.

அக்கரைப்பற்று ஆசிரியர்:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். பாடசாலையில் இரசாயனவியல் கற்பிப்பவன் என்பதால் காரணத்தை நான் சொல்கிறேன். அந்தக் கறுப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அன்று. காற்றில் மிகச் சிறிதளவு இருக்கும் ஐதரசன் சல்பைட்டு வாயுவோடு வெள்ளியே சேர்ந்து உண்டாகும் வெள்ளிச் சல்பைட்டு. வாவிக் கரையில், கண்டல் வேர்களுக்கு இடையிலுள்ள கறுத்த சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருமல்லவா, அது இதே வாயுதான். ஈரக்காற்றும் சேர்ந்தால் வேலை இன்னும் விரைவாக நடக்கும். இதற்கு உடம்புச் சூடு தேவையில்லை. வியர்வைக்கும் இதில் ஒரு பங்கு உண்டென்றாலும், நாளாந்தம் அணியும் வெள்ளி தோலிலும் துணியிலும் உரசுவதால், பூட்டி வைத்ததைவிடப் பெரும்பாலும் வெளிச்சமாகவே இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கறுப்புப் படலத்தின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு வெள்ளிதான். தேய்த்துக் கழுவி ஊற்றும்போது தண்ணீரோடு போவது உங்கள் மாமி காசு கொடுத்து வாங்கிய வெள்ளி. அதைத் தேய்த்து எடுக்காமல், கந்தகத்தை மட்டும் பிரித்து வெள்ளியைத் திரும்ப நகையிலேயே விடச் செய்யலாம். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசு அந்தத் தாளைத் தொடும்படி வைத்து, ஒரு கோப்பை கொதிநீருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா என்ற கணக்கில் கரைத்து, மூழ்கும்வரை ஊற்றுங்கள். அப்பச்சோடா அலுமினியத்தின் மேலுள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தைக் கரைத்துவிடும். பிறகு அலுமினியம் தன் இலத்திரன்களைக் கொடுக்க, சல்பைட்டில் இருந்த வெள்ளி மீண்டும் உலோகமாகிறது. தாளைத் தொடாத பகுதி தாமதமாகவே வெளிக்கும். ஆகவே இடையில் ஒரு மரக்கரண்டியால் புரட்டி விடுங்கள். இலேசான முட்டை நாற்றம் வரும். யன்னலைத் திறந்து வையுங்கள். சில நிமிடங்களில் எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும்.

காரைதீவு:

ஆசிரியர் ஐயா சொன்னது சரிதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. என் அம்மம்மாவின் வெள்ளிக் காப்பில் கொடியும் பூவும் செதுக்கி, பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பு ஏற்றியிருந்தார்கள். நான் கெட்டித்தனம் காட்டி அதையும் அலுமினியத் தாளில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் அந்தக் கறுப்பும் போய், பூ எது, கொடி எது என்று தெரியாத வெறும் வெள்ளை வளையமாக அது வெளியே வந்தது. அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை, விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தகைய வேலைப்பாடு உள்ளவற்றை மெதுவான துணியால் மேடுகளில் மட்டும் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கல்லடி வாசகி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை தொடாமல் வைத்திருந்த கொலுசை முதலில் போட்டேன். தண்ணீர் சிறு குமிழிகளாகப் பொங்கி, வாவி வற்றிய நாளில் வரும் அதே வாடை குசினிக்குள் வந்தது. புரட்டிப் பார்த்தபோது தாளைத் தொட்ட மணிகள் வெளுத்தும் மேலே இருந்தவை மண்ணிறமாகவும் இருந்தன; இரண்டாம் தடவையில் அவையும் வெளித்தன. அலுமினியத் தாள்தான் கறுத்துக் கிடந்தது. அரைஞாண்கொடியும் அப்படியே வந்துவிட்டது. தேய்த்த கொலுசின் கீறல்கள் மட்டும் இப்போது இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றுக்கு என்ன செய்யலாம்? திரும்பக் கறுக்காமல் எப்படி வைப்பது?

கல்முனைப் பட்டறை:

கீறலை வீட்டில் எடுக்க முயல வேண்டாம். பட்டறையில் மெருகு போட்டால் பட்டை சமப்பட்டுவிடும், ஆனால் அதிலும் சிறிது வெள்ளி குறையும் என்பதால் ஒரு முறைக்கு மேல் கேட்காதீர்கள். மணிகளுக்குள் புகுந்த தண்ணீர் எளிதில் காயாது. விசிறியின் கீழ் ஓர் இரவு விட்ட பின்பே உள்ளே வையுங்கள். ஒவ்வொன்றையும் பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பையில், ஈரத்தை இழுப்பதற்கு ஒரு வெண்கட்டித் துண்டோடு போடுங்கள். பையை இறப்பர் பட்டியால் கட்ட வேண்டாம், இறப்பரிலும் கந்தகம் இருக்கிறது. மாரி வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போடும் நாட்களில், குளிக்க முன் பிள்ளையின் கொலுசைக் கழற்றிவிடுங்கள்.