டவுனில் படி ஏறிப் போகிற அந்த ஹோட்டலில் சாப்பிட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

செல்வி (டவுன்):

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி டவுனில் சந்திப்பிள்ளையார் முக்குப் பக்கம், நாலு கல்படி ஏறி உள்ளே போகிற மாதிரி ஒரு சைவ ஹோட்டல் இருந்தது. வாசலில் போர்டு கிடையாது. 1999 வரை நடந்தது. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள்.

அங்கே இருபத்தாறு வருஷம் சரக்கு மாஸ்டராக இருந்தது என் அப்பா. ஆனால் நான் ஒரு நாள்கூட அந்த ஹோட்டலுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. எனக்குத் தெரிந்தது பின்பக்கச் சந்துதான். ஒரு பக்கம் விறகு அடுக்கியிருக்கும், அதை ஒட்டி எச்சில் இலைத் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மாடு. அம்மா ஏதாவது சொல்லி அனுப்பினால் அந்தச் சந்து வழியாகப் போய் அடுப்படி வாசலில் நிற்பேன். அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பார். திரும்பிப் பார்க்காமலே "என்னட்டி?" என்பார். முன்பக்கம் சாப்பிடுகிறவர்களின் சத்தம் மட்டும் கேட்கும். ஆள் தெரியாது.

காலை மூன்று மணிக்குப் போவார். மத்தியானம் வேலை ஓய்ந்ததும் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் முங்கிவிட்டு வீட்டுக்கு வருவார். குளித்த பிறகும் அவர் கையில் பெருங்காய வாசம் போகாது. வீட்டில் இட்லி, தோசை தொடவே மாட்டார். பழையதும் மோர்மிளகாயும்தான். மறுபடி நாலு மணிக்குப் போய்விடுவார், பலகாரம் போட.

அந்தப் பலகாரத்தில் மிச்சம் இருந்தால் ராத்திரி இலையில் மடித்து, நூல் சுற்றி வரும். ஆமவடை, உளுந்தவடை, சில நாள் சுசியன். சுசியனுக்கு அவர் வெல்லம் போட மாட்டார், கருப்பட்டிதான். உடன்குடிக் கருப்பட்டி வந்தால் அன்றைக்கு அவர் முகமே வேறு மாதிரி இருக்கும். எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் விற்றுப்போகாத சரக்கு. சூடாக, வாழை இலையில், சட்னியோடு அவர் கைப்பக்குவம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஊரில் எத்தனையோ பேருக்குத் தெரியும்.

இப்போது அப்பாவுக்கு 81 வயது. கண் மங்கிவிட்டது, நினைவு நன்றாக இருக்கிறது. நீங்கள் எழுதுவதைப் படித்துக் காட்டுவேன். அந்த ஹோட்டல் தெரியாதவர்கள், உங்களுக்கு வேண்டிய கடையைப் பற்றி எழுதுங்கள். அதையும் அவர் கேட்பார்.

பேட்டைக்காரன்:

அக்கா, நான் சாப்பிட்டிருக்கிறேன். அந்த நாலு படியில் மூன்றாவது படி நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும், சரியா? மழை நாளில் அதில் தண்ணீர் நிற்கும்.

எங்கள் அப்பா மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரத்னா தியேட்டருக்கு மேட்னி கூட்டிப் போவார். படம் விட்டதும் நேரே அங்கேதான். உள்ளே இருட்டாக, குளிர்ச்சியாக இருக்கும். நீளமான மேஜை. முன்பின் தெரியாதவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். சப்ளையர் வந்து மூச்சு விடாமல் பட்டியல் சொல்வார். எங்கள் அப்பா அதை முழுக்கக் கேட்டுவிட்டு எப்போதும் ரவா தோசைதான் சொல்வார். பில் எழுதித் தருகிற பழக்கம் கிடையாது. நாம் கை கழுவிவிட்டு வரும்போது சப்ளையர் அங்கிருந்தே கல்லாவைப் பார்த்துச் சத்தம் போடுவார்: "நீலச் சட்டை, கூட ஒரு பையன், மூணு நாப்பது!" எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு ஒரே பெருமையாக இருக்கும்.

உண்மையைச் சொல்ல வேண்டும், சாம்பார் கொஞ்சம் நீர்க்கத்தான் இருக்கும். ஆனால் அந்த வடை! வெளியே மொறுமொறு என்று இருக்கும், விண்டால் உள்ளே பஞ்சு. தேங்காய்ச் சட்னியில் பச்சைமிளகாய் தூக்கலாக இருக்கும். சுசியன் இரண்டு வாங்கி அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் கட்டிக்கொண்டு போவோம். அடுப்படிக்கு ஒரு அரைக்கதவு உண்டு. அதற்கு மேலே தலைத்துண்டு மட்டும் தெரியும். அது உங்கள் அப்பாவாகத்தான் இருக்கும்.

மேலப்பாளையம் வாசி:

எனக்கு டவுன் ஹோட்டல்கள் அவ்வளவாகப் பழக்கமில்லை. எங்களுக்கு ராத்திரி புரோட்டாதான். பாளையங்கோட்டையில் வைரமாளிகையில் தேங்காய் எண்ணெய் வாசத்தோடு வருகிற கோழியை மறக்க முடியாது. சாரல் விழுந்துவிட்டால் குற்றாலம். குளித்து, பசி வயிற்றைக் கிள்ள, பிரானூர் பார்டரில் ரஹ்மத் கடை வாசலில் நிற்போம். சின்னச் சின்னப் புரோட்டா, இலையில் பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றினால் எத்தனை உள்ளே போனது என்று எண்ணவே தோன்றாது. 2019இல் அது தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்டது. எனக்கு இன்னமும் அது நம் ஊர்க் கடைதான்.

உங்கள் அப்பாவுக்கு என் சலாம் சொல்லுங்கள் அக்கா. எங்கள் மாமாவும் புரோட்டா மாஸ்டர். நாற்பது வருஷம் கல் முன்னால் நின்றவர். அவர் போட்ட புரோட்டாவை நாங்களும் வீட்டில் ஆறின பிறகுதான் தின்றோம்.

பாளை டீச்சர்:

செல்வி, உன் கேள்வியைப் படித்ததும் என் கல்யாணமான புதுசு ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் பெண்கள் தனியாக ஹோட்டலுக்குப் போகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. புருஷனோடு போனாலும் திரை போட்ட பேமிலி ரூமில்தான் உட்கார வேண்டும். அதனால் நீ உள்ளே போகாததில் ஆச்சரியமே இல்லை. உன் அம்மாவும் போயிருக்க மாட்டார்.

எனக்கு ஒரு குறை உண்டு, இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். இப்போது எல்லா இடத்திலும் "திருநெல்வேலி ஸ்பெஷல்" என்று சொதி போடுகிறார்கள். எங்கள் வீடுகளில் அது கல்யாணத்து மறுநாள் மறுவீட்டுப் பந்திக்கு உரிய சாப்பாடு. தேங்காயை அரைத்து மூன்று பால் எடுக்க வேண்டும். காயும் பாசிப்பருப்பும் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேக வேண்டும். தலைப்பால் கடைசியில்தான். அதை ஊற்றிய பிறகு கொதிக்க விட்டால் திரிந்துபோகும். இறக்கி வைத்துத்தான் எலுமிச்சை பிழிய வேண்டும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டாயம். அவ்வளவு தேங்காய்ப்பாலுக்கு இஞ்சி இல்லாவிட்டால் வயிறு கேட்காது. இப்படிப்பட்ட ஒன்றை ஹோட்டலில் மணிக்கணக்காக அடுப்பில் வைத்திருக்க முடியுமா? ஓர் இடத்தில் கெட்டியாக இருக்க மாவு கரைத்து விட்டிருந்தார்கள். ஒரு வாய்க்கு மேல் என்னால் முடியவில்லை.

அல்வாவுக்கு மட்டும் நான் வெளியேதான் போவேன். கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பாலெடுத்துக் கிண்டுவது வீட்டில் ஆகிற காரியமில்லை. நெல்லையப்பர் கோயிலில் கும்பிட்டுவிட்டு எதிரே இருட்டுக்கடையில் சாயங்கால வரிசையில் நிற்பேன். நூறு கிராம் வாங்கி, அங்கேயே இலையில் வைத்து, கையில் நெய் வழிய, நின்றபடியே சாப்பிடுவேன். இந்த வயதிலும் அப்படித்தான்.

உன் அப்பா வடைக்கு உளுந்தை எவ்வளவு நேரம் ஊறவைப்பார் என்று கேட்டுச் சொல்லம்மா.

செல்வி (டவுன்):

நேற்று ராத்திரி எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாவது படி என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். 1992 நவம்பர் வெள்ளத்தில் ஆற்றோரத்து ஜனங்களுக்குச் சாம்பார் சாதம் அண்டாவில் போட்டு இறக்கும்போது, அந்தப் படியில்தான் கால் தட்டிற்றாம். இதை இத்தனை வருஷத்தில் என்னிடம் சொன்னதில்லை.

டீச்சர், உளுந்து ஒரு மணி நேரம் போதுமாம். அதற்கு மேல் ஊறினால் எண்ணெய் குடிக்கும் என்கிறார். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் ஆட்ட வேண்டும். கொஞ்சம் மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டுமாம். சொதி பற்றி நீங்கள் எழுதியதற்கு, "சரியாச் சொல்லியிருக்காங்க" என்றார்.

மேலப்பாளையம் தம்பி, உங்கள் மாமா எந்தக் கடையில் நின்றார் என்று கேட்டார். கல் முன்னால் நிற்பது எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பதைவிடச் சிரமம், முழங்கால் போய்விடும் என்றார்.

பேட்டைக்காரத் தம்பி, சாம்பார் நீர்க்க இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படிக்காமல் தாண்டலாமா என்று யோசித்தேன். ஆனாலும் படித்துவிட்டேன். அப்பா கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "பருப்பு அளந்துதானட்டி குடுப்பாங்க. ஆள் கூடினா தண்ணியத்தான் கூட்டணும். எனக்கும் அது மனசுக்கு ஒப்பாது" என்றார். அதனால்தான் வடையில் அப்படிக் கவனம் வைத்தாராம். வடை மாவில் மட்டும் யார் சொன்னாலும் கை வைக்க விட மாட்டாராம்.

உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். அந்தச் சுசியனை வீட்டில் எப்போது சாப்பிடுவீர்கள்? சூடாகவா, ஆறிய பிறகா? கருப்பட்டிப் பூரணம் ஆறினால்தான் வாசம் எழும்பும், அதை நினைத்துத்தான் மேல்மாவைக் கொஞ்சம் தடிப்பாக முக்குவேன் என்கிறார்.

பேட்டைக்காரன்:

ஆறின பிறகுதான் அக்கா. பஸ்ஸில் பேட்டை வரைக்கும் பொட்டலம் என் மடியில்தான் இருக்கும். ஏறும்போது சுடும். இறங்கும்போது வாசம் வரும்.