மறு: ‘கடைப்பெயர்த் துப்பாக்கி’ – சொல் சரிதானா?

> ‘கடைப்பெயர்த் துப்பாக்கி’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா, ஆனால் பொருள் பிசகுகிறது. வேறோர் ஆலை செய்ய, கடைக்காரர் தாம் வைத்த பெயரில் விற்ற, சேகரிப்பாளர்கள் தேடும் பழைய அமெரிக்கத் துப்பாக்கிகளுக்குத்தானே தமிழ்ச்சொல் தேடுகிறோம்? அவற்றை அடையாளம் காட்டுவது கடையின் பெயரே அன்று. சியர்ஸ் என்ற பல்பொருள் அங்காடி நிறுவனம் விற்றவற்றில் ‘ஜே.சி. ஹிக்கின்ஸ்’ என்று பொறித்திருக்கும். ஹிக்கின்ஸ் அந்த நிறுவனத்தில் கணக்குப் பார்த்த ஊழியர். 1960களில் அவர் பெயர் போய், டெட் வில்லியம்ஸ் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் பெயர் வந்தது. அதே போன்ற மான்ட்கோமரி வார்டு நிறுவனம் விற்றவற்றில் ‘வெஸ்டர்ன் ஃபீல்டு’ என்றிருக்கும். பெயர் யாருடையதாகவும் இருக்கட்டும், அதைக் குத்தும் உரிமை கடைக்காரருடையது. ஆகவே ‘கடைமுத்திரைத் துப்பாக்கி’ என்கிறேன். நகைக்கடையில் நாம் பார்த்ததுதான்: பட்டறையில் ஆசாரி செய்கிறார், கடைக்காரர் தம் முத்திரையைப் போட்டு விற்கிறார்.

> ‘பல்பொருள் அங்காடித் துப்பாக்கி’ இன்னும் துல்லியம் அல்லவா?

நீளத்தை விடுங்கள். ‘ரெவலேஷன்’ முத்திரையோடு விற்ற வெஸ்டர்ன் ஆட்டோ, மோட்டார் உதிரிபாகக் கடை. லூயிவில் நகரத்து பெல்க்னாப், இரும்புச் சாமான் மொத்த வியாபாரி. இவர்களை எந்த அங்காடியில் உட்கார வைப்பது?

‘விற்பெயர்’ என்று எழுதிய நண்பருக்கு: நான் முதலில் வில்லின் பெயர் என்றுதான் படித்தேன். துப்பாக்கிக்கு அது வேண்டாம். ‘புனைபெயர்த் துப்பாக்கி’யை மட்டும் மனமில்லாமல் தள்ளுகிறேன். எழுத்தாளர் தமக்குத் தாமே புனைபெயர் வைத்துக்கொள்கிறார். இங்கே செய்தவருக்கு வேறொருவர் வைத்துவிடுகிறார்.

இதோடு இன்னும் இரண்டு சொற்கள் தேவைப்படும். ஒரு ‘ஜே.சி. ஹிக்கின்ஸ் மாடல் 20’ கையில் கிடைத்தால் சேகரிப்பாளரின் கண் தேடுவது 583 என்று தொடங்கும் எண்ணை. சியர்ஸ் தனக்குச் சரக்கு செய்து கொடுத்த ஒவ்வோர் ஆலைக்கும் ஓர் எண் வைத்திருந்தது. 583 என்றால் ஹை ஸ்டாண்டர்டு என்ற துப்பாக்கி ஆலை. இதை ‘ஆலை எண்’ என்போம். அடுத்தது, எந்தக் கடைமுத்திரை எந்த அசல் மாடல் என்று காட்டும் அட்டவணை. ‘ஒப்புப் பட்டியல்’ போதும். வெஸ்டர்ன் ஃபீல்டு 550, ரெவலேஷன் 310 இரண்டும் மாஸ்பெர்க் என்ற ஆலையின் மாடல் 500தான். பட்டியல் இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம்: துப்பாக்கி உடலின் மேற்புறம், பின்கோடியில், கட்டைவிரலால் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மாஸ்பெர்க்கின் கைவரிசை அது. பழுதானால் உதிரிபாகத்தையும் மாஸ்பெர்க் பெயரில்தான் தேட வேண்டும். கடைப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கையை விரிப்பார்கள்.

தொடரெண்ணை வைத்து ஆண்டைக் கணிக்கலாமே என்று கேட்டவருக்கு: 1968இல் வந்த அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் தொடரெண்ணைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்திய மலிவான, .22 அங்குலக் குழல் விட்டமுள்ள ரைஃபிள்கள் பலவற்றில் அது கிடையாது. யாரும் அழித்துவிட்டதாக எண்ணிப் பதற வேண்டாம்.

> ‘கடைமுத்திரை’ என்றால் கடைப்பட்ட சரக்கு என்று வாசகர் நினைத்துவிடமாட்டாரா?

நினைக்கலாம். சந்தையும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது. ஒரே துப்பாக்கி, முத்திரை மாறியதும் விலை இறங்கிவிடும். ஆனால் ஹிக்கின்ஸ் மாடல் 50ஐத் திறந்து பாருங்கள்: உள்ளே இருப்பது பெல்ஜியத்து எஃப்.என். ஆலை செய்த, தோட்டாவை ஏற்றிச் சுடும் பேர்போன மவுசர் வகை இயக்கம். டெட் வில்லியம்ஸ் மாடல் 100, பெயர் மாற்றிய வின்செஸ்டர் 94 என்ற புகழ்பெற்ற ரைஃபிள். விவரம் தெரிந்தவர்கள் சத்தமில்லாமல் வாங்கி வைத்தார்கள். ‘கடை’ என்ற சொல்லில் அந்த இளக்காரமும் ஒட்டிக்கொண்டு வருவது எனக்கு வசதியாகவே படுகிறது.

சொற்பட்டியலில் ஏற்றுபவர் கவனிக்க: ‘முத்திரை’க்குப் பின் ‘த்’ மிகும். சென்ற முறை தட்டச்சில் விட்டுப்போயிற்று.