எல்.எல்.பி.யை விட்டுட்டு ஜெர்மனிக்குச் சட்டம் படிக்கப் போகலாமா?

கல்லாத்துப்பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். சொந்த இடம் பெரியகல்லாறு. திறந்த பல்கலைக்கழகத்தில எல்.எல்.பி. செய்யிறன், ரெண்டாம் வருஷம். பகலில கல்முனையில ஒரு சட்டத்தரணியிட கந்தோரில வேலை. உறுதி டைப் பண்ணுறது, காணிப் பதிவகத்தில போய்த் தேடுறது, கட்சிக்காரருக்குத் தவணை சொல்லுறது எல்லாம் நான்தான்.

மாமா டோர்ட்முண்டில இருக்கார். ஞாயிறு வந்தா வாட்ஸ்அப்பில ஒரே கதை: "இஞ்ச வா, படிப்புக்குக் காசில்ல, ஜெர்மன் லோயர் எண்டா மதிப்பே வேற." மட்டக்களப்பு டவுனில ஒரு ஏஜென்சியிலயும் கேட்டன். இங்கிலிஷிலயே படிச்சு மூண்டு வருஷத்தில லோயர் ஆகலாமாம், பதிவுக் காசு மட்டும் இப்பவே கட்டோணுமாம். அம்மா வளையலை ஈடு வைக்க வெளிக்கிட்டுட்டா.

எல்.எல்.பி.யை விட்டுட்டுப் போறதா, முடிச்சிட்டுப் போறதா? ஜெர்மன் ஏ1, அதான் ஆகத் தொடக்க நிலை, மட்டும்தான் ஒன்லைனில முடிச்சிருக்கன்.

தம்பிலுவில்காரி:
தங்கச்சி, வளையலை முதல்ல அலுமாரிக்குள்ள வைக்கச் சொல்லு.

சின்ன வயசிலயே அம்மாவோட தம்பிலுவிலில இருந்து வந்தவள் நான். மியூன்ஸ்டரில சட்டம் படிச்சு முதலாவது ஸ்டாட்ஸ்எக்ஸாமன் (அரச சட்டப் பரீட்சை) முடிச்சு, இப்ப ரெண்டு வருஷப் பயிற்சியில நிக்கிறன். அதுக்கு ரெஃபரெண்டாரியாட் எண்டு பேர்: கோர்ட், அரச வழக்குத் தொடுநர் கந்தோர், அரச நிருவாகம், லோயர் கந்தோர் எண்டு மாறி மாறிப் போகோணும். அது முடிய ரெண்டாவது ஸ்டாட்ஸ்எக்ஸாமன். ரெண்டும் பாஸ் பண்ணினாத்தான் வழக்கமா லோயர் ஆகலாம். இதெல்லாம் ஜெர்மன் மொழியில. ஏஜென்சி சொல்லுற மூண்டு வருஷ இங்கிலிஷ் வழி ஒண்டும் இஞ்ச இல்ல. இங்கிலிஷில கிடக்கிறது எல்.எல்.எம்., எல்.எல்.பி.க்கு மேல செய்யிற முதுநிலைப் பட்டம், அதை மட்டும் வெச்சு ஜெர்மன் லோயர் ஆகேலாது.

காசில்லாத படிப்பு எண்டு மாமா சொன்னது பெரும்பாலும் சரி. ஆனா ஆளை முறிக்கிறது காசில்ல, பரீட்சை. எங்கட மாநிலத்தில முதலாவதுக்கு ஆறு எழுத்துப் பரீட்சை, ஒவ்வொண்டும் அஞ்சு மணித்தியாலம். மறுகா வாய்மொழி. இந்த அரச பரீட்சைக்கு 70 வீதம், பல்கலைக்கழகத்தில நீ தெரிவு செய்யிற சிறப்புப் பாடத்துக்கு 30 வீதம். புள்ளி 18க்கு. 4 எடுத்தா பாஸ். 9 எடுத்தவள் தெருவில நிமிந்து நடப்பாள், பெரிய லோயர் கந்தோரெல்லாம் அவளுக்குத்தான் கதவு திறக்கும். 18 எடுத்த ஆளை நான் கண்ணால கண்டதில்ல.

பாடம் எப்பிடி எண்டு ஒரு உதாரணம் சொல்றன். சந்தையில ஒரு கிலோ இறால் வாங்கினா நமக்கு அது ஒரு வியாபாரம். ஜெர்மன்காரனுக்கு மூண்டு. பி.ஜி.பி. எண்ட சிவில் சட்டக்கோவையில 433ம் பிரிவின்படி விற்பனை ஒப்பந்தம், 929ம் பிரிவின்படி இறாலிட உரித்துக் கைமாறுறது, அதே 929இல காசிட உரித்துக் கைமாறுறது. ஒப்பந்தம் செல்லாமப் போனாலும் இறால் உன்ரதான். சட்டக் காரணமில்லாமக் கிடைச்சதைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுற 812ம் பிரிவை மீன்காரர் தூக்கிக்கொண்டு வந்து திருப்பிக் கேக்கோணும். நீ அதுக்குள்ள சொதி வெச்சுச் சாப்பிட்டிருந்தா, பொருளுக்குப் பதிலா அதிட பெறுமதியைக் கேக்க 818க்குப் போகோணும். முதலாம் வருஷத்தில இதைக் கேட்டுட்டுச் சிரிப்பாய், மூண்டாம் வருஷத்தில நித்திரையில சொல்லுவாய்.

எழுதுற முறையும் வேற. "மீன்காரருக்கு உரிமை இருக்கு" எண்டு முடிவை முன்னுக்கு எழுதினா புள்ளி வெட்டுவாங்க. இருக்கலாம் எண்டு தொடங்கி, அதுக்கு என்ன வேணும், அந்தச் சொல்லுக்கு என்ன வரைவிலக்கணம், இந்தச் சம்பவம் அதுக்குள்ள வருதா எண்டு படிப்படியா இறங்கிக் கடைசியிலதான் முடிவு. இதைத் தாய்மொழியில எழுதுற புள்ளைகளே திண்டாடுவினம். சேர்றதுக்கே பெரும்பாலான இடங்களில சி1 எண்ட உயர் நிலை அளவு ஜெர்மன் கேப்பாங்க, அதுக்கு டி.எஸ்.எச். 2 அல்லது டெஸ்ட்டாஃப் எண்ட மொழிப் பரீட்சை. ஏ1இல இருந்து அங்க போறது பெரிய தூரம்.

வழமையா ரெண்டு தரம்தான் பரீட்சைக்கு இருக்கலாம். எட்டாவது செமஸ்டருக்குள்ள முதல்தரம் இருந்தா அதில ஃபெயில் விட்டாலும் கணக்கெடுக்கிறதில்ல. கடைசியிலயும் ஃபெயில் எண்டா அத்தனை வருஷத்துக்கும் பட்டமில்லாம நிக்கிற ஆக்கள் இருக்கினம். இப்ப சில பல்கலைக்கழகங்கள் இடையில ஒரு எல்.எல்.பி. குடுக்குது, அதையும் பாத்துச் சேரோணும்.

என்ர முடிவு: எல்.எல்.பி.யை முடி. பிறகு வெளிநாட்டுச் சட்டப் பட்டதாரிகளுக்கெண்டு இருக்கிற ஜெர்மன் மொழி எல்.எல்.எம். பாரு, பெரும்பாலும் ரெண்டு செமஸ்டர்.

சம்மாந்துறைக் காக்கா:
தங்கச்சி, சல்லிக் கணக்கை நான் சொல்றன். நான் படிச்சது சட்டமில்ல, எஞ்சினியரிங். ஆனா விசாவுக்கு எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான். முடக்கின கணக்கில (செலவுக் காசை முன்னுக்கே போட்டு வைக்கிற வங்கிக் கணக்கு) ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டணும், 2024 செப்டெம்பரில இருந்து இதுதான் தொகை. அங்க போன பிறகு மாசம் 992 யூரோ எடுக்கலாம். பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளிய இருந்து வாற புள்ளையளுக்கு செமஸ்டருக்கு 1500 யூரோ கட்டணமும் இருக்கு. ஹைடெல்பெர்க், ஃப்ரைபூர்க் எல்லாம் அதுக்குள்ளதான் வருது. வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம், ஆனா சட்டம் படிக்கிற ஆள் அவ்வளவு நாள் வேலை செஞ்சா பாடம் போயிரும். உங்கட ஏ.எல். அங்க செல்லுமா, முதல்ல ஒரு வருஷம் ஸ்டூடியன்கொலெக் எண்ட ஆயத்தப் படிப்புப் படிக்கணுமா எண்டு, வெளிநாட்டுப் படிப்புகளிட தகுதியைச் சொல்லுற அனாபின் இணையத்தளத்தில பாருங்க, அது இலவசம்.

கோட்டமுனை லோயர்:
மகள், காணி உறுதியோட வேலை செய்யிற உங்களுக்கு இதில ஒரு ருசி இருக்கு. நம்மட 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில நொத்தாரிசும் ரெண்டு சாட்சியும் முன்னால கையெழுத்து வெச்சா உரித்துப் போயிரும், பதிவு முந்துரிமைக்குத்தான். ஜெர்மனியிலயும் நொத்தாரிசு வேணும், ஆனா காணிப் புத்தகத்தில ஏறாம உரித்து மாறாது. ரெண்டு பக்கத்துக்கும் பாட்டன் உரோமச் சட்டம்தான். நமக்கு அது ஒல்லாந்தர் மூலமா வந்தது, மட்டக்களப்புக் கோட்டையை அவங்க பிடிச்சது 1638இல. ஜெர்மனியில 1900இல பி.ஜி.பி. நடைமுறைக்கு வரும் வரைக்கும் கனக்க இடத்தில உரோமச் சட்டத்தைத்தான் ஓட்டினவங்க. அடி தெரிஞ்ச ஆளுக்கு அங்க போய் ஒப்பிட்டுப் படிக்க லேசு. இஞ்ச தொழில் செய்யிறதெண்டா சட்டக் கல்லூரியும் உயர் நீதிமன்றச் சத்தியப்பிரமாணமும் வேணும். அரைவாசியில விட்டுட்டுப் போகாதீங்க.

கல்லாத்துப்பிள்ளை:
அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். வளையல் கையிலயே கிடக்கு. அக்கா, ஒரு கேள்வி. மாமா இப்ப புதுசாச் சொல்லுறார், அங்க படிச்சா நீதவானாவும் வரலாமாம். உண்மையா?

தம்பிலுவில்காரி:
நீதவானுக்கு ஜெர்மன் குடியுரிமை வேணும், நீதிபதிகள் சட்டம் 9ம் பிரிவு. லோயருக்கு அது தேவையில்ல. பி1 வகுப்புத் தொடங்கேக்க எழுது, தொடக்கத்துக்கு என்ன சட்டப் புத்தகம் வாசிக்கலாம் எண்டு சொல்றன். மாமாவிட்டக் கேளு, டோர்ட்முண்டில ஒரு அறை மாச வாடகை எவ்வளவு எண்டு. அதை அவர் இன்னும் சொல்லேல்லப் போல.