நீச்சல் பழகிய கதையும் தண்ணீரில் கண்டதும்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கொங்குக்காரன்:

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. இனி பேப்பரைத் திறந்தால் ‘குளிக்கச் சென்ற மாணவர்கள் பலி’ என்று எங்காவது ஒரு பெட்டிச் செய்தி கண்ணில் படும். அதனால்தான் இப்போதே கேட்கிறேன். நீச்சல் எப்படிப் பழகினீர்கள், தண்ணீரில் என்ன பார்த்தீர்கள், பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள்? முதலில் என்னுடையதை எழுதிவிடுகிறேன்.

எங்களுக்குக் கோபி பக்கம். தோட்டத்துக் கிணற்றில்தான் எல்லோரும் பழகினோம். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பெரியப்பா. முதுகில் மிதப்பதற்குச் சுரைப்புருடையை, அதாவது காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கிணற்றுப் படியில் உட்கார்ந்துவிடுவார். எனக்குப் பின்னால் வந்த பொடிசுகளுக்குச் சுரைப்புருடை போய் எண்ணெய் கேன் வந்தது. கயிறு மட்டும் அப்படியே இருந்தது.

முதல் சில நாள் கை கால் அடிக்கவே விடமாட்டார். படியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து வாயால் காற்றை விடவேண்டும். “தம் கட்டாத சாமி, ஊது. ஊதிட்டு மேல வந்து மூச்ச இழு.” இதையே திரும்பத் திரும்பச் செய்யவைப்பார். உள்ளே ஊதப் பழகாதவன் மேலே வந்ததும் ஒரே நேரத்தில் விடவும் இழுக்கவும் பார்த்துத் தண்ணீரைக் குடித்துவிடுவான் என்பது பிறகுதான் விளங்கியது.

அதற்கப்புறம் மல்லாக்கப் படுக்கவைப்பார். பிடரிக்கு அடியில் உள்ளங்கை மட்டும் இருக்கும். “வயித்த மேல தூக்கு, வானத்தப் பாரு, காது நனையட்டும்.” காது நனைந்ததும் எல்லோரும் செய்வது தலையைத் தூக்குவது. தலை எழும்பினால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கினால் ஆளே இறங்கிவிடுவான். நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் உடம்பு தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசு. அந்தக் கொஞ்சத்தை மூக்கும் வாயும் வெளியே நிற்கச் செலவழிக்கவேண்டும், தலையைத் தூக்குவதற்கு அல்ல. இது பிடிபட்டதும் அவர் கையை எடுத்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

“கிணத்துல தள்ளிவிட்டா தானா வந்துடும்” என்று சொல்கிற அண்ணன்மார் எல்லா ஊரிலும் உண்டு. அப்படித் தள்ளிவிடப்பட்ட என் சேக்காளி இன்றைக்கும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கமாட்டான். தள்ளிவிடுவது கற்றுக்கொடுப்பது ஆகாது, கொடுமை. என் பிள்ளைகளை யாரும் அப்படித் தொட விட்டதில்லை.

கிணற்றில் தேறியவன் எங்கேயும் தேறியவன் என்று நினைத்துக்கொள்கிறோம். கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். வாய்க்கால் அப்படியா? தண்ணீர் முழுக்க ஓடும்போது கான்கிரீட் சரிவு போட்ட இடத்தில் இறங்கிப் பாருங்கள். பாசி வழுக்கும், ஏறப் பிடி கிடைக்காது. கிணற்றில் சொர்க்கமடிக்கிற, அதாவது தலைகீழாகப் பாய்கிற ஒரு பையன், கரைக்கு ஒரு கை தூரத்திலேயே அடித்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். கரையில் இருந்த பெரியவர் கூடவே ஓடி, “எதிர்த்து அடிக்காத, மல்லாந்து படு, கால முன்னால நீட்டிக்கோ” என்று கத்திக்கொண்டே போனார். அடுத்த படித்துறையில் நின்றவர்கள் வேட்டியை முறுக்கி வீசிப் பிடித்து இழுத்தார்கள். கால் முன்னால் இருந்ததால் கல்லில் மோதியது கால்தான், தலை இல்லை.

கொள்ளிடக்கரை:

அண்ணே, நீங்கள் வாய்க்காலைச் சொன்னீர்கள், நான் ஆற்றைச் சொல்கிறேன். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரியும். ஸ்ரீரங்கத்துக்குத் தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். கொள்ளிடம் வெள்ளத் தண்ணீர் போவதற்கானது, வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். சின்ன வயதில் அக்கரைக்கு நடந்தே போய் வருவோம்.

எங்கள் தாத்தா காலத்தில் “அந்த அரசமரத்துக்கு நேரா மடு இருக்கு, போகாத” என்று கைகாட்டுவார்கள். ஊரே அந்த இடத்தைத் தெரிந்து வைத்திருக்கும். மணல் அள்ளத் தொடங்கியபிறகு அந்த அறிவுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. போன வருஷம் மேடாக இருந்த இடம் இந்த வருஷம் குழி. மேலே தண்ணீர் ஒரே மட்டமாகத்தான் தெரியும். முழங்கால் அளவில் நடந்து போகிறவன் அடுத்த எட்டில் தலை முங்க இறங்குகிறான். திரும்பி ஏறப் பார்த்தால் குழியின் விளிம்பு பொலபொலவென்று உதிர்ந்து காலோடு போகும். மணலைப் பிடித்து யார் ஏறமுடியும்? “எங்க ஊர் ஆறு, எனக்குத் தெரியாதா” என்கிற பேச்சை நான் இப்போது ஒத்துக்கொள்வதே இல்லை.

2022 ஜூன் மாதம் கடலூர் மாவட்டம் குச்சிப்பாளையத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கெடிலம் ஆற்றில் தடுப்பணைப் பக்கம் குளிக்கப் போன பெண்கள், சிறுமிகள் ஏழு பேர். ஆழத்தில் சிக்கியவர்களைப் பிடிக்க மற்றவர்கள் போய், அவர்களும் சிக்கி, ஏழு உயிர். தடுப்பணைக்குக் கீழே விழுகிற தண்ணீர் மண்ணை அரித்து அரித்துப் பள்ளம் பறித்து வைத்திருக்கும். குளிக்க வசதியாக இருக்கிறதே என்று நாம் தேடிப் போவதும் அதே இடத்துக்குத்தான்.

எங்கள் வீட்டில் ஒரு மூங்கில் கழி இருக்கிறது. ஆற்றில் யார் இறங்கினாலும் முன்னால் அதை ஊன்றி, தரை தட்டிய பிறகுதான் கால் வைப்போம். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் படித்துறையில் தடுப்புக் கட்டியிருக்கும், அதைத் தாண்டமாட்டோம். இன்னொன்று, மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். திறந்த செய்தி வந்துவிட்டால் ஆற்று நடுவே மணல்திட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற பழக்கமெல்லாம் அத்தோடு நிறுத்தம். இங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே இருந்து தண்ணீர் வந்து திட்டைச் சுற்றிக்கொள்ளும்.

கட்டுமரம்:

கடலோரத்துப் பிள்ளை நான். ஆறு வேறு, கடல் வேறு.

மெரினாவுக்கு வருகிறவர்கள் பெரிய அலையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அலை உருட்டிவிடும், அடிக்கும், ஆனால் கரைக்குத்தான் தள்ளும். ஆளைக் கொண்டுபோவது அலை உடையாத இடம். இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரைத்து உடையும்போது நடுவில் மட்டும் ஒரு பட்டை அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். கரையில் ஏறிய தண்ணீரெல்லாம் திரும்பிப் போக வழி தேடி அந்தப் பட்டை வழியாகத்தான் உள்ளே ஓடும். நுரை மிதந்தால் உள்நோக்கிப் போவது தெரியும். அலை இல்லையே, குழந்தையை இறக்கலாமே என்று அந்த இடத்தைத்தான் சரியாகத் தேடி இறக்குகிறார்கள். பார்க்கிற எங்களுக்கு அடிவயிறு கலங்கும்.

அந்த ஓட்டத்தில் மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். ஒலிம்பிக்கில் நீந்துகிறவருக்கே அதை எதிர்த்து வருவது கஷ்டம். அது அடியில் இழுக்காது, வெளியேதான் இழுக்கும். கொஞ்ச தூரம் போனதும் வேகம் செத்துவிடும். அதுவரை மிதந்தாலே போதும். நீந்தத் தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், அலை உடைகிற இடத்துக்கு வந்து, அலையோடு சேர்ந்து கரையேறலாம். தெம்பில்லையா, ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே மிதங்கள். எங்கள் ஆட்களில் யாராவது கட்டாயம் பார்ப்பார்கள்.

மெரினாவில் குளிக்கப் போலீஸ் விடுவதில்லை என்று வருத்தப்படாதீர்கள். அங்கே கரையை விட்டுச் சட்டென்று ஆழம் இறங்கும். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் தண்ணீருக்கு முதுகு காட்டாமல்.

புதுத்தாம்பரம்:

ஒரு சந்தேகம். கூட்டத்தில் யாராவது முழுகினால் கத்துவார்கள்தானே? பக்கத்தில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியாமல் போகிறது?

இரவுப்பணி:

அரசு மருத்துவமனை ஒன்றில் அவசரப் பிரிவு நர்ஸ் நான். புதுத்தாம்பரம் கேட்டதற்குப் பதில்: கத்தமாட்டார்கள். கத்த மூச்சு வேண்டும்; வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்தக் கணத்தில் மூச்சிழுக்கவே நேரம் போதாது. கை ஆட்டிக் கூப்பிடவும் முடியாது, இரண்டு கையும் தண்ணீரைப் பக்கவாட்டில் அமுக்கிக்கொண்டிருக்கும். தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், உடம்பு நட்டுக்குத்தாக நின்று, தெரியாத ஏணியில் ஏறப் பார்ப்பதுபோல இருக்கும். இந்த நிலையில் தாக்குப்பிடிப்பது 20 முதல் 60 வினாடி வரைதான் என்கிறார்கள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று சத்தமில்லாமல் ஆகிவிட்டால் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் வரவில்லையென்றால் உடனே போங்கள்.

வெளியே எடுத்தபிறகு நடப்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுகிறார்கள், வயிற்றை அமுக்குகிறார்கள், பானைமேல் கவிழ்க்கிறார்கள். தண்ணீர் வெளியே வருவதைப் பார்த்து எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அது வயிற்றில் இருந்த தண்ணீர், அதனால் உயிர் வராது. வாந்தியாகி மூச்சுக்குழாய்க்குள் போனால் இருந்த வாய்ப்பும் போய்விடும். அந்த உடம்புக்குத் தேவை காற்று. ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். மூச்சில்லையென்றால் மட்டமான தரையில் மல்லாக்கக் கிடத்தி, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து நெஞ்சு எழும்புகிற அளவுக்கு 5 முறை ஊதுங்கள். அசைவில்லையென்றால் நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதி, வண்டி வரும்வரை விடாமல் செய்யவேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம். ஒருமுறை பயிற்சி எடுத்துக்கொண்டால் கை தானாகப் போகும்.

ஒரு நாள் மாலை குட்டியானை வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. பின்னால் ஒரு பையன், அவன் தலைமாட்டில் முட்டிபோட்டு அவன் அத்தை. ஏரிச் சேறு அந்த அம்மாவின் உதட்டிலும் கன்னத்திலும் காய்ந்து ஒட்டியிருந்தது. வழியெல்லாம் ஊதிக்கொண்டே வந்திருக்கிறார். எங்களைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை, கையைப் பிடித்து விலக்கவேண்டியிருந்தது. பையன் சில நாள் இருந்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனான். எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, வேலை பார்க்கிற மில்லில் முதலுதவி வகுப்பு எடுத்தார்கள் என்றார்.

எழுந்து பேசுகிறானே என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடாதீர்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தே ஆகவேண்டும்.

மதுரைப்பொண்ணு:

சிஸ்டர், கண் கலங்கிவிட்டது.

குச்சிப்பாளையத்தைப் பற்றிக் கொள்ளிடக்கரை எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியதைச் சொல்லவேண்டும். ஏழு பேரும் பெண்கள். எங்கள் ஊரில் அண்ணன் தம்பிகள் எல்லோரும் கண்மாயில் நீந்துவார்கள். துணி துவைக்க, மாடு குளிப்பாட்ட அதே கண்மாய்க்குப் போன எங்களை மட்டும் “பொம்பளப் பிள்ளைக்கு என்ன நீச்சல்” என்று படியிலேயே உட்காரவைத்தார்கள். தண்ணீரோடு அன்றாடம் புழங்குவது நாங்கள், பழகியது அவர்கள். இது அநியாயம் இல்லையா?

கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்த பிறகு, நகரத்தில் பெண்களுக்கான காலை வகுப்பில் சேர்ந்தேன். பயிற்சியாளரும் ஒரு அக்காதான். கொங்குக்காரன் அண்ணனின் பெரியப்பா சொன்னதையே அவரும் சொன்னார்: முதலில் ஊது, அடுத்து மித, அப்புறம் பார்க்கலாம் கையும் காலும். என்னோடு சேர்ந்தவர்களில் பேரன் எடுத்தவர்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் வந்தது.

சேலையோடு ஆழத்தில் இறங்காதீர்கள், காலில் சுற்றிக்கொள்ளும். ஆனால் அதே சேலை கரையில் இருந்தால் கயிறு. 2020 ஆகஸ்ட் மாதம் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் நான்கு பேர் தண்ணீரில் தத்தளித்தபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரை இழுத்துக் கரைசேர்த்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆண்டு அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. மானம் போகுமே என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அந்த இரண்டு பேரும் இல்லை. என் மகள்களுக்கு நான் சொல்லிவைத்திருப்பது இந்தக் கதையைத்தான்: துப்பட்டாவோ, கழியோ, காலி கேனோ, கிடைத்ததை வீசு, நீ குதிக்காதே. முழுகுகிறவர் கையில் சிக்கினால் உன்னைப் பிடித்து அமுக்கித்தான் அவர் மேலே வரப் பார்ப்பார்.

புதுத்தாம்பரம்:

எல்லோருக்கும் நன்றி. என் பாப்பாவுக்கு நாலு வயசு. கையில் காற்றடித்துப் போடுகிற வளையம் வாங்கியிருக்கிறோம். ரிசார்ட் போகும்போது அது போதுமா?

இரவுப்பணி:

போதாது. அது விளையாட்டுச் சாமான். காற்று இறங்கும், கழன்று வரும். அவள் எடைக்குச் சரியான, பக்கிள் போடுகிற லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். அதைப் போட்டிருந்தாலும் நீங்கள் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கவேண்டும், போன் பையில் இருக்கவேண்டும். இரண்டு பேர் போனால் ‘நீ பாத்துப்பேன்னு நெனச்சேன்’ என்று ஆகிவிடும். இப்போது யார் முறை என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

ரிசார்ட்டை விடுங்கள், அந்த வயதுக்கு வீடுதான் முதல் ஆபத்து. பாத்ரூமில் நிரப்பிவைத்த பக்கெட்டே போதும். குனிந்து எட்டிப்பார்க்கிற பிள்ளைக்குத் தலை கனம், கவிழ்ந்தால் நிமிர முடியாது. உங்கள் வீட்டில் சம்ப் இருக்கிறதா? மூடி எப்படி?

புதுத்தாம்பரம்:

இருக்கு சிஸ்டர். தகர மூடி, பூட்டு இல்லை, மேலே ஒரு கல் வைத்திருக்கிறோம். லாரித் தண்ணீர் வருகிற அன்றைக்குத் திறந்தேதான் கிடக்கும். வெல்டிங் பட்டறைக்குப் போன் பண்ணிவிட்டேன், கொண்டி வைத்துப் பூட்டு மாட்டித் தருகிறேன் என்றார். அவர் வரும்வரை பாப்பாவை அந்தப் பக்கம் விடாமல் நடுக்கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம்.