ஹால்ஸ்டாட் உப்புக் கிராமத்தில் காக்கப்படுவது எது? நம் மலைவீடுகளுக்கு அது வழிகாட்டுமா?

குன்னூர் நூலகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குன்னூரில் நாங்கள் குடியிருக்கும் சரிவில் நூறு ஆண்டுகளைக் கடந்த வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. தகரக் கூரையும், கண்ணாடி அடைத்த முன்தாழ்வாரமும், கருங்கல் கணப்பும், மிதித்தால் முனகும் தேக்குப் படிக்கட்டும் கொண்ட அவற்றில் பெரும்பாலும் உரிமையாளர்களே வசிக்கிறார்கள். அந்த வீடுகளை மரபுக் கட்டடங்களாக அறிவிக்கக் கோரி அரசுக்கு மனு கொடுப்பது பற்றி எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் பேச்சு நடக்கிறது. கூட்டத்தில் ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரே ஊரைச் சான்று காட்டியதுதான் என்னை இங்கே எழுத வைத்தது. ஆஸ்திரியாவில் ஆல்ப்ஸ் மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒண்டியிருக்கும் ஹால்ஸ்டாட் என்ற உப்புச் சுரங்கக் கிராமம் அது.

எண்ணூறுக்கும் குறைவான மக்கள் வாழும் ஊர், பழைய வீடுகளைக் காத்ததால் உலகமே தேடி வருகிறது என்றார் ஒருவர். அங்கே சன்னல் சட்டத்தை மாற்றக்கூட அரசிடம் கைகட்டி நிற்க வேண்டும், நாளை நமக்கும் அதே கதிதான் என்றார் இன்னொருவர். இரண்டு பேச்சுமே படத்தில் பார்த்த ஊரைப் பற்றியவை என்று எனக்குப் பட்டது. அங்கே எவையெல்லாம் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், எந்தச் சட்டம் அவற்றைக் காக்கிறது, அந்த வீட்டில் அடுப்பு மூட்டி வாழ்பவருக்கு அதனால் என்ன நேர்கிறது, நம் சட்டங்களில் எது இதற்குப் பொருந்தும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால், மனுவைத் தெளிவோடு எழுத முடியும்.

உதகை தொல்லியல் ஆர்வலர் எழுதியது:

நூலகர் அம்மாவுக்கு வணக்கம். ஹால்ஸ்டாட்டைப் பற்றிப் பேசும்போது ஏரிக்கரை வீடுகளிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் மலைக்குள்ளிருந்து தொடங்க விரும்புகிறேன், ஏனென்றால் அந்த ஊரில் காக்கப்படும் ஒவ்வொன்றும் மேலேயுள்ள உப்பு மலையிலிருந்து இறங்கி வந்தது.

ஊருக்கு மேலே இருக்கும் உயர் பள்ளத்தாக்கில் வெண்கலக் காலம் தொட்டு உப்பு வெட்டியிருக்கிறார்கள். உப்பு எதையும் மட்கவிடாது என்பதால், வேறெங்கும் மண்ணாகிப் போயிருக்கக்கூடிய தோல், கம்பளித் துணி, வெளிச்சத்துக்குக் கொளுத்திய பைன் சிராய், மனிதக் கழிவு வரை அங்கே அப்படியே கிடைத்துள்ளன. (அந்தக் கழிவை ஆராய்ந்து, இரும்புக் காலச் சுரங்கத் தொழிலாளர் நீலப் பாலாடைக்கட்டி உண்டதையும் பீர் குடித்ததையும் 2021-இல் கண்டறிந்தார்கள்.) 2003-இல் சுரங்கத்துக்குள் ஒரு மரப் படிக்கட்டு வெளிப்பட்டது. மரத்தின் ஆண்டு வளையங்களை வைத்துக் கணித்ததில், அது கி.மு. 1344-ஐ ஒட்டி வெட்டிய மரம் என்று தெரிந்தது. இருபுறமும் தடித்த மரங்களில் நீளப் பள்ளம் வெட்டி, அதில் மிதிபலகைகளைச் செருகியிருக்கிறார்கள். இறக்கத்தின் சரிவுக்கு ஏற்பப் பலகையின் சாய்வை மாற்றிக்கொள்ளலாம். உப்பு சுமந்த மாட்டுத்தோல் பையும் அங்கே கிடைத்திருக்கிறது. நம் தோட்டங்களில் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொள்வதைப் போல அதை மாட்டிக்கொள்வார்கள். ஒரே ஒரு தோள்பட்டையும் பிடித்துக்கொள்ள ஒரு கோலும் உண்டு. கோலை விட்டால், பையை இறக்காமலேயே உப்பு கொட்டிவிடும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிலாளியின் முதுகு நோகாமலிருக்க யாரோ சிந்தித்திருக்கிறார் என்பதை நினைக்கையில், எந்த அரண்மனையைவிடவும் இந்தத் தோல் பையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதே பள்ளத்தாக்கில் 1846 முதல் 1863 வரை யோஹான் கியோர்க் ராம்சாவர் என்ற சுரங்க அதிகாரி 980 கல்லறைகளைத் திறந்தார். ஐரோப்பிய இரும்புக் காலத்தின் முற்பகுதிக்கு இவ்வூரின் பெயரே நிலைத்தது அதனால்தான். ஒவ்வொரு கல்லறையிலும் எலும்பும் பாண்டமும் வாளும் கிடந்த நிலையை ஐசிடோர் எங்கல் என்பவர் வண்ணத்தில் வரைந்தார். நீலகிரியிலும் 1870-களின் தொடக்கத்தில் முதல் ஆணையராக இருந்த பிரீக்ஸ், பழங்கால ஈமச் சின்னங்களான நம் கல்வட்டங்களைத் தோண்டினார். அவர் சேர்த்த பொருள்கள் இன்று எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டனிலும் இருக்கின்றன. அவற்றில் எருமை உருவம் வைத்த பாண்ட மூடிகள் அழகானவை. ஆனால் எந்தப் பாண்டம் எதனருகே, எந்த ஆழத்தில் கிடந்தது என்பது பெரும்பாலானவற்றுக்குப் பதிவாகவில்லை. பொருள் பிழைத்தும் அதன் கதை தொலைந்துவிட்டது. உங்கள் மனுவுக்கு இது நேரடியாகப் பயன்படும் என்பதால்தான் சொல்கிறேன்: பட்டியலில் சேர்ப்பதற்கு முன்பே அளந்து வரைந்து வைப்பது அதனினும் முக்கியம்.

இனி ஊருக்குள் வருவோம். மலையில் நிற்கும் ருடால்ஃப் கோபுரம் சுரங்கத்தைக் காக்க 1284-இல் எழுந்தது. ஹால்ஸ்டாட்டைச் சுற்றி உப்பு காய்ச்ச விறகு குறைந்தபோது, விறகு இருக்கும் இடத்துக்கு உப்பு நீரையே கொண்டுபோக முடிவு செய்து, 1595 முதல் 1607 வரை சுமார் 13,000 மரங்களைக் குடைந்து, எபன்சே வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குக் குழாய் பதித்தார்கள். கோசாவ் ஓடையை அது கடக்கும் உயரமான கல்தூண் பாலம் 1757-இல் கட்டப்பட்டது. ஏரிக்கரை அங்காடிப் பகுதி 1750-இல் தீப்பற்றி அழிந்து, மீண்டும் எழுப்பப்பட்டது. படங்களில் நாம் பார்க்கும் சதுக்கத்து முகப்புகள் அதற்குப் பிந்தியவை. மேலே கத்தோலிக்கக் கோயிலில் லியோன்ஹார்ட் ஆஸ்டலின் மரச் சிற்பப் பீடம் இருக்கிறது. கீழே சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபையின் கோயில் 1863-ஐச் சேர்ந்தது. பேரரசரின் 1781-ஆம் ஆண்டுச் சமய சகிப்பு ஆணை அச்சபையாருக்குக் கோபுரமில்லாத வழிபாட்டுக் கூடத்தை மட்டுமே அனுமதித்திருந்ததால், அந்தத் தடை பின்னர் நீங்கியதற்கு அந்தக் கூர்ங்கோபுரமே ஒரு வரலாற்றுச் சான்று.

கத்தோலிக்கக் கோயிலின் கல்லறைத் தோட்டம் மிகச் சிறியது. சில ஆண்டுகளில் குழியைத் திறந்து எலும்பை எடுத்து அடுத்தவருக்கு இடம் தருவார்கள்; எடுத்த மண்டையோட்டை வெயிலில் வெளுக்க வைத்து, நெற்றியில் பெயரெழுதி, ரோஜாவோ படர்கொடியோ வரைந்து எலும்பு மாடத்தில் அடுக்குவார்கள். சுமார் 1,200 மண்டையோடுகளில் 600-க்கும் மேற்பட்டவை இப்படி வரையப்பட்டவை, கடைசியானது 1995-இல் சேர்ந்தது. 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றது தனித்தனிக் கட்டடங்களை அன்று; ஹால்ஸ்டாட்–டாக்ஸ்டைன், சால்ஸ்காமர்குட் என்னும் பண்பாட்டு நிலக்காட்சி முழுவதையும் ஏற்றது.

மலைக்கட்டடப் பொறியாளர் எழுதியது:

ஐயா எழுதியதற்குப் பின் சட்டப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். யுனெஸ்கோ பட்டியல் பெருமை தரும். கதவையும் சன்னலையும் காப்பது உள்நாட்டுச் சட்டம். ஆஸ்திரியாவில் அது 1923-இன் நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டம். கூட்டாட்சி நினைவுச்சின்ன அலுவலகம் ஒரு கட்டடத்தைக் காப்பது பொதுநலன் என்று ஆணையிட்டால், அதன் அனுமதியின்றி இடிக்கவோ தோற்றத்தை மாற்றவோ கூடாது. எனவே சன்னல் சட்டம் பற்றிய அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் அதே அலுவலகம் பழுதுபார்க்க மானியமும் தொழில்நுட்ப ஆலோசனையும் தருகிறது. 2024-இன் திருத்தம் உரிமையாளரின் பராமரிப்புக் கடமையையும் சட்டத்தில் எழுதியிருக்கிறது.

நம்மிடம் நிலைமை வேறு. மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டத்தின்கீழ் ஒரு கட்டடம் அறிவிக்கப்பட்டால், 2010 திருத்தத்தின்படி அதைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் ஆகிவிடும். காட்டோரத்துக் கல்திட்டைக்கு இந்த வேலி அவசியம். குன்னூர் போன்ற நெருக்கமான சரிவில், ஒரு வீட்டை அறிவித்தால் அண்டைவீட்டார் புதிதாக ஒரு அறைகூடக் கட்ட முடியாது; அவர்கள் எதிர்ப்பது இயல்பே. மறுபக்கம், 1993-இல் வந்த மலைவாழிடக் கட்டட விதிகள் உயரத்தை 7 மீட்டருக்குள் நிறுத்தினவே தவிர, பழைய வீட்டை இடித்துவிட்டு அதே உயரத்தில் கான்கிரீட் பெட்டி எழுப்புவதை அவை தடுக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் வாழும் தெருக்களுக்குப் பொருந்தக்கூடியது, 2012-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம். உங்கள் மனு அந்த வழியில் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹால்ஸ்டாட்டின் உப்புநீர்க் குழாய்க்கு நிகராக நம்மிடம் இருப்பது மலை ரயில். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் வந்த அந்தப் பற்சக்கரப் பாதையை யுனெஸ்கோ 2005-இல் ஏற்றது. அது இன்றும் ஆளேற்றிக்கொண்டு ஓடுகிறது, எனவே தண்டவாளத்தைப் பார்க்கவும் எண்ணெய் இடவும் ஆள் இருக்கிறார்கள். பயன்பாட்டில் இருப்பதே அதற்குக் காவல்.

கண்ணேரிமுக்கு வாசி எழுதியது:

இருவர் சொன்னதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த ஊரில் குடியிருப்பவர்களைப் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன். கூட்டம் மிகுந்த நாள்களில் ஹால்ஸ்டாட்டுக்குப் பத்தாயிரம் பேர் வரை வருகிறார்கள். 2020-இல் சுற்றுலாப் பேருந்துகளுக்கு நேர ஒதுக்கீடு கொண்டுவந்தார்கள். 2023-இல் எல்லோரும் படமெடுக்கும் இடத்தில் மரத்தடுப்பு வைத்துப் பார்த்து, பிறகு எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஊர் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். சீனத்தின் குவாங்டொங் மாகாணத்தில் 2012-இல் அந்த ஊரை அச்சாக நகலெடுத்துக் கட்டியே விட்டார்கள். முகப்பை எங்கு வேண்டுமானாலும் கட்டிவிடலாம். தலைமுறை தலைமுறையாக உப்பு வெட்டிய குடும்பத்தை அப்படிக் கட்ட முடியாது.

நமக்கும் இது புதிதல்ல. 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ், 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற நீதிமன்ற வரம்பு எல்லாம் வந்துவிட்டன. எங்கள் ஊரில் அன்றைய கலெக்டர் சல்லிவன் 1819-இல் கட்டிய பங்களாவைப் பாழாகக் கிடந்த நிலையிலிருந்து மீட்டு ஆவணக் காப்பகமாக்கியிருப்பது எனக்குப் பெருமை. ஆனால் எல்லா வீட்டையும் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் இருக்கின்றன. மாடுகளுக்கு உப்புநீர் காட்டும் உப்பட்டுவ பண்டிகையை இன்னும் கொண்டாடுகிறோம். அந்த வரிசை முழுவதும் விடுதிகளாகிவிட்டால், கூரை அப்படியே இருந்தாலும் அந்தப் பண்டிகையை நடத்த வீட்டில் யார் இருப்பார்கள்? நூலகர் அக்கா, உங்கள் மனுவில் வீட்டின் வயதோடு, அதில் யார் வாழ்கிறார்கள், அவர்கள் தொடர்ந்து வாழ என்ன தேவை என்பதையும் எழுதுங்கள். பழைய தகரத்துக்குப் பதில் ஒழுகாத கூரை, குளியலறை, குளிருக்கேற்ற சன்னல் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி இல்லாவிட்டால், பிள்ளைகள் கோயம்புத்தூருக்கு இறங்கிவிடுவார்கள்.

குன்னூர் நூலகர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஒரு ஐயம் மிச்சமிருக்கிறது. அறிவிப்பு வந்தால் வீட்டைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட வேண்டும் என்று முதியவர்கள் பலர் அஞ்சுகிறார்கள். அது உண்மையா?

மலைக்கட்டடப் பொறியாளர் எழுதியது:

அறிவித்த உடனே கதவைத் திறந்துவிட வேண்டியதில்லை, சகோதரி. 1958 சட்டத்தின் 6-ஆம் பிரிவிலேயே, தனியார் உடைமையான சின்னத்தைப் பராமரிப்பதும் பொதுமக்கள் பார்ப்பதும் உரிமையாளரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் பேசி முடிவு செய்ய வேண்டியவையாகவே வருகின்றன. உங்கள் மனுவில் "வெளித்தோற்றமும் கூரைச் சாய்வும் மட்டும், உட்புறம் உரிமையாளர் விருப்பம்" என்று தெளிவாகக் கேளுங்கள். அதற்கு முன், உதகை ஐயா சொன்னபடி அளவெடுங்கள்: ஒவ்வொரு வீட்டுக்கும் தரைத்தள வரைபடம், நான்கு பக்கப் படம், சன்னல் சட்டத்தின் குறுக்குவெட்டு, கூடவே வயதைக் காட்டும் பழைய பத்திரமும் நகராட்சி வரி ரசீதும். மழைக்காலம் தொடங்கும் முன் அளப்பது நல்லது, ஈரத்தில் தேக்கு உப்பிக்கொண்டால் அளவு மாறிவிடும். நாடா பிடிக்க ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன்.