கம்ப்ரஸருக்குத் தமிழ்: சுருக்கியா, வீச்சொடுக்கியா?

வணக்கம்.

ஒலிக்கலவையில் வரும் கம்ப்ரஸரைச் ‘சுருக்கி’ என்று எழுதினால் கோப்பைச் சுருக்குவதோடு குழம்பும். இது குறைப்பது கோப்பின் அளவை அல்ல. உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியை. விகிதம் 4:1 என்றால், குறித்த மட்டத்தை 8 டெசிபல் மீறி வருவது 2 டெசிபல் மீறலாக வெளியேறும். எனவே ‘வீச்சொடுக்கி’. அட்டாக்குக்கு (ஒலி மீறியதும் குறைப்பு செயல்பட ஆகும் நேரம்) தாக்குநேரம், ரிலீஸுக்கு (ஒலி தணிந்ததும் குறைப்பு நீங்க ஆகும் நேரம்) விடுநேரம், த்ரெஷோல்டுக்கு (குறைப்பு தொடங்கும் அந்த மட்டம்) பயன்தொடக்கம். சரிதானா?

---

வீச்சொடுக்கி சரி. வீச்சு இயற்பியலில் அலையின் உயரம், புள்ளியியலில் பெருமத்துக்கும் சிறுமத்துக்கும் உள்ள வேறுபாடு. எப்படிப் படித்தாலும் பொருள் கெடவில்லை.

மற்ற மூன்றும் பழைய வன்கருவிகளைப் போலச் செய்யும் செருகுநிரல்களில் (ஒலி மென்பொருளில் செருகும் துணைநிரல்கள்) உதைக்கும். எல்ஏ-2ஏ என்ற பழைய வீச்சொடுக்கி வகையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒளிரும் தகடு, எதிரே ஒளியுணர் மின்தடை. ஒலி தணிந்ததும் பாதிக் குறைப்பு சுமார் 60 மில்லி நொடியில் நீங்கிவிடும். மிச்சம் நீங்க அரை நொடி முதல் 5 நொடி வரை ஆகும், எவ்வளவு நேரம் எவ்வளவு அமுங்கியிருந்தது என்பதைப் பொறுத்து. இதை ‘விடுவது’ என்றால் பட்டென்று கைவிட்டது போல் இருக்கிறது. ‘மீள்நேரம்’ என்போம்.

தாக்குநேரமும் வேண்டாம். தாக்குவது டிரம், கருவி அதைப் பிடிக்கிறது. ‘பிடிநேரம்’. 1176 என்ற இன்னொரு பழைய வீச்சொடுக்கி வகையில் இது 20 முதல் 800 மைக்ரோ நொடி. குமிழ் தலைகீழ், 7 தான் மிக வேகம். மெதுவாக்குவதாக நினைத்து 7க்குத் திருப்பினால் அடியின் முனை மழுங்கும். மீள்நேரத்தையும் 7இல் (50 மில்லி நொடி) வைத்து பேஸ் கிட்டாரை அனுப்பினால் கரகரக்கும்: 40 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றே 25 மில்லி நொடி, குறைப்பு அலையின் ஒவ்வொரு சுற்றோடும் ஏறியிறங்கத் தொடங்குகிறது. அந்தக் கரகரப்பையே விரும்பி வைப்பவர்களும் உண்டு, அது வேறு கதை.

பயன்தொடக்கம் ஒளிமின் விளைவுக்கே இருக்கட்டும். 1176இல் அந்தப் பெயரில் குமிழே கிடையாது. மட்டம் நிலையானது, உள்ளீட்டுக் குமிழைக் கூட்டினால் ஒலி அதை மீறி ஏறுகிறது. ‘தொடங்குமட்டம்’ இதை நேராகச் சொல்லும். பல செருகுநிரல்கள் டிஜிட்டல் உச்சத்துக்கு 18 டெசிபல் கீழே இருப்பதையே முள்மானியின் பூச்சியமாகக் கொள்பவை. உச்சத்தை ஒட்டிய தடத்தை அப்படியே செருகினால் குமிழைத் தொடுமுன்பே குறைப்பைக் காட்டும் முள் பல டெசிபல் சரிந்து கிடக்கும். முதலில் தடத்தின் பெருக்கத்தைக் குறையுங்கள்.

---

பிடிநேரம், மீள்நேரம், தொடங்குமட்டம் மூன்றையும் ஏற்கிறேன். மேக்கப் கெயினுக்கு ‘ஈடுபெருக்கம்’: குறைந்த அளவை மட்டும் ஈடுகட்டுவது. கருவியை அணைத்தும் போட்டும் ஒப்பிடும்போது இரண்டும் ஒரே உரப்பில் கேட்க வேண்டும், இல்லையேல் உரத்ததுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும்.

தொடங்குமட்டத்தை ஒட்டி விகிதம் மெல்லக் கூடும் வளைவை ஆங்கிலத்தில் ‘நீ’ (knee) என்பார்கள்; அதற்கு ‘முழங்கால்’ என்று மட்டும் யாரும் அனுப்பிவிடாதீர்கள். ‘மடிப்பு’ எப்படி?